முத்து நிஜம்தான், பெயர்தான் பொய்!



ஏலம் என்றால் நம் வீடுகளில் முன்பெல்லாம் இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, மாதாமாதம் கட்டும் ஏலச்சீட்டு. மற்றது, அடகு வைத்து மீட்க முடியாமல் போன நகையை பாங்கில் ஏலம் போடுவது. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மத்தியானம் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கையில் செல்போனை எடுத்தால், அமெரிக்காவில் யாரோ விற்கிற நகைக்கு இங்கே அடுப்பங்கரையில் உட்கார்ந்தபடியே விலை கேட்கலாம். ‘இன்னும் 14 நிமிஷம்தான் பாக்கி’ என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். கை பரபரக்காமல் என்ன செய்யும்?

இன்டர்நெட் ஏலமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பழைய வெள்ளிப் பாத்திரம், புஸ்தகம், தையல் மிஷின் பாகம் என்று கடையில் தேடினாலும் கிடைக்காத எத்தனையோ சாமான்கள் அதில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் முத்து சமாசாரம் வேறு. தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. முத்தின் மேல் அப்படி எந்த முத்திரையும் குத்த முடியாது. தொட்டுப் பார்த்து, துளையை உற்றுப் பார்த்து வாங்க வேண்டிய பொருளை நாம் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். அந்த இடைவெளியில்தான், சாயம் ஏற்றிய முத்து வேறொரு பெயரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது.

ஒரு கடிதம், மூன்று கேள்விகள்

கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாயார். அவருடைய அனுமதியோடு, ஊர் பெயர் இல்லாமல் சொல்கிறேன்.

“அக்கா, சீட்டு எடுத்த பணம் 14,000 ரூபாய் கையில் இருந்தது. நாத்தனார் கல்யாணத்துக்கு என் பங்குக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. ஒரு வெளிநாட்டு ஏலத்துல ‘ஸௌத் ஸீ கோல்டன் பேர்ல், ஜெனுயின், ஏஏஏ’ன்னு ஒரு மாலை போட்டிருந்தாங்க. கடை விலை 1,800 டாலர்னு எழுதி, அதைக் கோடு போட்டு அடிச்சு வெச்சிருந்தாங்க. தங்க நிறத்துல அப்படி ஒரு மின்னல்! என் தம்பி அங்கேதான் இருக்கான். அவன் அட்ரஸுக்கு வரவழைச்சு, ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்டே குடுத்தனுப்பினான். நல்ல நாள்ல குடுக்கலாம்னு பீரோவுலயே வெச்சிருந்தேன். கொக்கியைத் தங்கத்துல மாத்தணும்னு பத்தர்கிட்டே கொண்டுபோனேன். அவரு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டு, ‘அம்மணி, முத்து முத்துதானுங்க. ஆனா இந்த நெறம் முத்தோட நெறம் இல்லீங்க, ஏத்துன நெறம்’னாரு. எனக்கு நிக்க முடியலே அக்கா. வீட்டுக்காரர்கிட்டே இன்னும் சொல்லலே...”

கடைசியில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இது போலியா, நிஜமா? பணம் திரும்ப வருமா? இதை நாத்தனாருக்குக் கொடுக்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற சாக்கில், முத்து வாங்க ஆசைப்படும் எல்லோருக்கும் உபயோகமான சில சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

போலி வேறு, சாயம் வேறு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி மணியிலோ பிளாஸ்டிக்கிலோ பளபளப்பு பூசி விற்பது போலி முத்து. சாயம் ஏற்றிய முத்து அந்த ஜாதி இல்லை. அது சிப்பியின் வயிற்றில் பிறந்த அசல் முத்துதான். விலை குறைந்த வெள்ளை முத்தை எடுத்து, நிறம் ஏற்றி, விலை உயர்ந்த முத்தின் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இரவல் நகை போட்டு ஜமீன் வீட்டுப் பெண் என்று சொல்வது மாதிரி. பெண் நல்லவள்தான், சொன்னவன்தான் பொய்யன்!

இதனால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தந்த சோதனை இங்கே பலிக்காது. முத்தை முன்பல்லில் மெதுவாக உரசினால் நிஜ முத்து நறநறவென்று மணல் போலிருக்கும், கண்ணாடி வழவழவென்று வழுக்கும் என்பார்கள். அது சரியான சோதனைதான். ஆனால் சாயம் போட்ட முத்தும் நறநறவென்றுதான் இருக்கும். “பல்லில் உரசிப் பார்த்தேன், நிஜம்தான்” என்று திருப்திப்பட்டு உட்கார்ந்துவிட்டால் ஏமாந்தது தெரியவே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயம் போடுவது குற்றம் இல்லை. நமக்குப் பரிச்சயமான வெள்ளை முத்துகளைக்கூட வெளுத்து, பளபளப்பாக்கித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். ‘இது சாயமிட்டது’ என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆசைக்கு நீல முத்து, பச்சை முத்து போட்டுக்கொள்ளலாமே! மறைப்பதுதான் மோசடி.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசாங்க அமைப்பு நகை வியாபாரத்துக்கு வழிகாட்டி விதிகள் வகுத்திருக்கிறது. 2018-ல் அதைத் திருத்தியபோது, முத்துக்குச் செய்யும் பக்குவங்களைச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். அந்தப் பக்குவம் நிரந்தரமாக நிற்காது என்றாலோ, அதனால் தனிப் பராமரிப்பு வேண்டும் என்றாலோ, விலை பெரிதாக மாறும் என்றாலோ வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். வளர்ப்பு முத்தை ‘வளர்ப்பு’ என்ற சொல் இல்லாமல் வெறுமனே ‘முத்து’ என்று விற்கவும் கூடாது. விதி நன்றாகத்தான் இருக்கிறது. உலகம் முழுக்க உட்கார்ந்து விற்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்பதுதான் கேள்வி.

எந்தச் சிப்பிக்கு எந்த நிறம்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்.

இன்று விற்பனைக்கு வருகிற முத்துகளில் கிட்டத்தட்ட எல்லாமே வளர்ப்பு முத்துகள். ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி என்பவர் 1893-ல் சிப்பிக்குள் அரைமுத்தை வளர்த்துக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த தொழில் இது. நம் தூத்துக்குடியிலும் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வளர்ப்பு முத்து உண்டாக்கினார்கள். கொற்கைக் காலத்திலிருந்து பேர் போன தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆகையால் ‘மன்னார் வளைகுடா இயற்கை முத்து, புதுச் சரக்கு, நூறே டாலர்’ என்று எங்காவது கண்டால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

நன்னீர் முத்து: ஏரி, குளங்களில் வளரும் மட்டியில் கிடைப்பது. சீனாதான் இதன் பெரிய விளைநிலம். நம்மூர்க் கடைகளில் சகாய விலைக்குக் கிடைக்கும் சரங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஹைதராபாத் முத்து என்று வாங்கி வருகிறோமே, அதிலும் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்து அங்கே துளையிட்டுக் கோத்ததுதான். இயற்கையில் இதற்கு வெள்ளை, பால் நிறம், இளம் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா நிறங்கள் உண்டு. கருப்பு கிடையவே கிடையாது. கருப்பிலோ, மயில் பச்சையிலோ, அடர்ந்த தங்க நிறத்திலோ மாலை முழுக்க ஒரே சீராக இருந்தால் சாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டாஹிடி முத்து: பசிபிக் சமுத்திரத்தில் பிரெஞ்சு பாலினீஷியாத் தீவுகளில், கருப்பு உதடு கொண்ட சிப்பியில் விளைவது. ‘கருப்பு முத்து’ என்று பெயரே தவிர, மை போன்ற கருப்பு அதில் அபூர்வம். சாம்பலில் பச்சை ஓடும், பச்சையில் ஊதா ஓடும், மயில் கழுத்தைத் திருப்பினால் மினுங்குமே, அப்படி. பொதுவாக 8 மில்லிமீட்டருக்கு மேல்தான் இருக்கும்.

தென்கடல் முத்து: இதைத்தான் ஸௌத் ஸீ என்கிறார்கள். சிப்பிகளிலேயே பெரிய ரகத்தில் விளைவது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் வெள்ளையும் வெள்ளி நிறமும்; பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பக்கம் தங்க நிறம். இதுவும் 8 மில்லிமீட்டருக்குக் கீழே கிடைப்பது அரிது. தங்க நிறம் இயற்கையாகவே அமைந்து, உருண்டையாக, கறையில்லாமல் இருந்தால் ஒரு மாலை ஆயிரக்கணக்கான டாலர் போகும். சாயமிட்ட நன்னீர் சரமோ பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பாருங்கள், பொய் சொல்ல ஏன் மனசு வருகிறது என்று புரியும்!

நம் வாசகியின் மாலை 7 மில்லிமீட்டர் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்ததாம். தென்கடல் என்ற பெயரையும் 7 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் நமக்கு?

படத்துக்கு முன்னால் வார்த்தையைப் படியுங்கள்

படம் பொய் சொல்லும். வார்த்தை பெரும்பாலும் நேரடியாகப் பொய் சொல்லாது. சொல்ல வேண்டியதை விழுங்கிவிடும். ஏலப் பக்கங்களை என் மருமகளோடு உட்கார்ந்து பல நாள் படித்ததில், அடிக்கடி கண்ணில் பட்ட வார்த்தைகள் இவை. இங்கிலீஷில் இருப்பதை உச்சரிப்பு மாறாமல் தருகிறேன்.

‘ஜெனுயின் பிளாக் பேர்ல்’ என்றால் நிஜமான கருப்பு முத்து என்று நாம் படிக்கிறோம். நிஜம் என்பது முத்துக்கு, கருப்புக்கு இல்லை! சாயமிட்ட நன்னீர் முத்துக்கும் இந்த வாசகம் பொருந்திவிடும். கேட்டால், “நான் பொய் சொல்லவில்லையே” என்பார்கள்.

‘டாஹிடியன் கலர்’, ‘டாஹிடியன் ஸ்டைல்’, ‘ஸௌத் ஸீ கலர்’ என்றெல்லாம் வரும். ‘மல்லிகை வாசனை சோப்’பில் மல்லிகைப்பூ இருக்கிறதா? அதே கதைதான் இதுவும்.

‘ஸௌத் ஸீ ஷெல் பேர்ல்’ என்பதில் ‘ஷெல்’ என்ற சின்ன வார்த்தையை விட்டுவிடாதீர்கள். சிப்பி ஓட்டைக் கடைந்து உருண்டையாக்கி, மேலே பூச்சு கொடுத்த மணி அது. முத்தே இல்லை.

‘சிமுலேட்டட்’, ‘ஃபோ’ என்றாலும் போலிதான். ‘டைட்’ என்றால் சாயமிட்டது. ‘ட்ரீட்டட்’, ‘கலர் என்ஹான்ஸ்ட்’ என்றால் ஏதோ பக்குவம் செய்து நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். இவற்றைத் தலைப்பில் போடாமல், பத்திப் பத்தியாக எழுதிய விவரத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதும் உண்டு. பொறுமையாகக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். மளிகைக்கடை பில்லைச் சரிபார்க்கிற நமக்கு இது முடியாதா என்ன?

‘ஏஏஏ’ என்ற தர எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஏ, ஏஏ, ஏஏஏ என்ற அளவுகோல் முத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு வியாபாரியும் தனக்குத் தோன்றியபடி போட்டுக்கொள்கிறார். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ என்ற ரத்தின ஆராய்ச்சி நிலையம் முத்தை ஏழு அம்சங்களால் மதிப்பிடுகிறது: பருமன், வடிவம், நிறம், ஒளி, மேற்பரப்பு, மேலுறையின் கனம், ஒன்றோடொன்று பொருத்தம். விற்பவர் இவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் மூன்று ‘ஏ’ மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரம்தான்.

‘கடை விலை 1,800 டாலர்’ என்று அடித்துப் போட்டிருப்பதும் அப்படியே. எந்தக் கடை? யார் அந்த விலைக்கு வாங்கினார்கள்? பெட்டிக்குள் வைத்து அனுப்பும் சர்டிபிகேட்டை விற்பவரே அச்சடித்திருந்தால் அதற்குப் பெட்டியின் மதிப்புகூடக் கிடையாது. பெயர் தெரிந்த பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை எண் இருக்கிறதா, அந்தக் கூடத்தின் சொந்தத் தளத்திலே போட்டுப் பார்த்தால் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

நாம் தேட வேண்டிய வார்த்தைகள் மூன்று. என்ன சிப்பி, எந்த ஊர் விளைச்சல், ‘நேச்சுரல் கலர்’ என்ற உறுதி. மூன்றும் தலைப்பிலோ விவரத்திலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

விலை கேட்பதற்கு முன்

சந்தேகம் வந்தால் விற்பவருக்கு அந்தத் தளத்தின் வழியாகவே ஒரு கேள்வி எழுதுங்கள். “இந்த முத்துகளின் நிறம் இயற்கையா? சாயமோ வேறு பக்குவமோ செய்திருக்கிறதா? இல்லை என்றால் பில்லில் அப்படி எழுதித் தருவீர்களா?” இவ்வளவுதான். நேர்மையான வியாபாரி இரண்டு வரியில் பதில் சொல்வார். “ரொம்ப அழகான முத்து மேடம், நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள்” என்று பதில் வந்தால் அதுவே பதில். கேள்வியும் பதிலும் தளத்திலேயே பதிவாகி நிற்பதால், பின்னால் புகார் கொடுக்க அதுதான் சாட்சி. வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

துளை தெரிகிற மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். விற்பவரின் மற்ற சாமான்களையும் பாருங்கள். ஒரே படத்தை வைத்துப் பத்து மாலை விற்கிறாரா? இன்று டாஹிடி, நாளைக்கு மரகதம், மறுநாள் கைக்கடிகாரம் என்று எல்லாமே ஒரு டாலரில் ஆரம்பிக்கிறதா? நட்சத்திர மார்க்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொருள் வந்து சேர்ந்த சந்தோஷத்தில், “அழகாக இருக்கிறது, சீக்கிரம் வந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். சாயம் என்று தெரிவது பல மாதம் கழித்து. ஆகவே குறைந்த மார்க் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள்.

ஏலத்துக்கு ஒரு போதை உண்டு. யாரோ 60 என்றால் நாம் 62 என்போம். அவர் 70 என்றால் விடுவோமா? எதிரில் கேட்பவர் விற்பவரின் ஆளாகவே இருக்கலாம். இதைத் தளங்கள் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் நடக்காது என்று சொல்வதற்கில்லை. என் யோசனை: வீட்டுக் கணக்கு நோட்டில் உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தபால் செலவும், இந்தியாவுக்கு நேரே வருவதானால் சுங்க வரியும் அதற்குள் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் போனை வைத்துவிட்டு காப்பி போடப் போங்கள். வேறு முத்து வராமலா போய்விடும்?

பொட்டலம் வந்த அன்றைக்கே...

நம் பெண்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நகை வந்தால் ஸ்வாமி படத்துக்கு முன் வைத்து, குங்குமம் இட்டு, பீரோவில் பூட்டிவிடுவோம். நல்ல நாளில்தான் வெளியே எடுப்போம். கடையில் வாங்கிய நகைக்கு அது சரி. ஏலத்தில் வாங்கிய முத்துக்குச் சரிப்படாது. பீரோவுக்குள் மாலை தூங்கும்போது வெளியே புகார்க் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆகவே பொட்டலத்தைப் பிரிக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து மாலையை வைத்துப் பாருங்கள். இயற்கை நிறம் என்றால் ஒரு முத்துக்கும் பக்கத்து முத்துக்கும் துளியாவது வித்தியாசம் தெரியும், கூடப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. எல்லாம் ஒரே டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருந்தால் சந்தேகம்தான்.

அடுத்து துளை. பத்தரிடமோ கடிகாரக் கடையிலோ இருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். இரண்டு முத்துகளை மெதுவாக விலக்கித் துளையின் வாயைப் பாருங்கள். சாயம் அங்கே தேங்கி அடர்ந்த வளையமாக நிற்கும். மேற்பரப்பில் சின்னக் குழி, கீறல் இருந்தால் அதிலும் நிறம் கூடி நிற்கும். கோத்த நூலில் நிறம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வாசகியின் பத்தர் பார்த்தது இதைத்தான்.

ஈரமான வெள்ளைப் பஞ்சால் லேசாகத் துடைக்கலாம். நிறம் வந்தால் சாயம் நிச்சயம். வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. நல்ல சாயம் தண்ணீருக்கு அசையாது. நெயில்பாலிஷ் அழிக்கும் திராவகம், வினிகர், எலுமிச்சம்பழம், ஊசியால் சுரண்டுவது, நெருப்பில் காட்டுவது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். நல்ல முத்தும் பாழாகும், பழுதான பொருளைத் திருப்பித் தரவும் முடியாது.

கருப்பு முத்து சில சமயம் சாயமே இல்லாமல் வெள்ளி நைட்ரேட் என்ற ரசாயனத்தாலும், கதிர்வீச்சாலும் கருக்க வைக்கப்படுகிறது. இவை எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி காட்டிக்கொடுக்காது. எக்ஸ்ரே போன்ற கருவிகள் உள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். பெரிய விலை கொடுக்கிறீர்கள் என்றால், ‘கூடத்தின் அறிக்கை வேறுவிதமாக வந்தால் பணம் வாபஸ்’ என்று விற்பவரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பரிசோதனைகளைக் குழந்தை தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்து ஒரு மணி உருண்டு ஓடினால், அது முதலில் போய்ச் சேருகிற இடம் தவழும் பிள்ளையின் வாய்தான். மணிகளை எண்ணிப் பெட்டியில் வையுங்கள்.

பணம் திரும்ப வருமா?

சொன்னபடி பொருள் இல்லை என்றால் கேட்க உரிமை உண்டு. ஆனால் கெடுவுக்குள் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு ஈபே தளத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கென்று நடத்திய விற்பனைத் தளத்தை அவர்கள் 2018-ல் மூடிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது வெளிநாட்டுத் தளம். அங்கே பணம் திரும்பத் தரும் உத்தரவாதம் ஒன்று இருக்கிறது. விவரித்தபடி பொருள் இல்லை என்றால், வந்து சேர்ந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். ‘வாபஸ் கிடையாது’ என்று விற்பவர் போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. ஆனால் தளத்தின் வழியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். வெளியே தனியாக அனுப்பினால் அதோடு போச்சு.

முக்கியமான இன்னொரு சங்கதி. தம்பி வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து வேறு விலாசத்துக்கு அனுப்பிய பொருளுக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. நம் குடும்பங்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம்! ஆகவே அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ, அண்ணியோ, மகளோ வாங்கித் தந்தால், “அங்கேயே பிரிச்சு, ஒரு நகைக்கடைக்காரர்கிட்டே காட்டிட்டு, அப்புறம் குடுத்தனுப்பும்மா” என்று சொல்லிவிடுங்கள். சூட்கேஸில் ஏறிய பிறகு சட்டம் நம் பக்கம் நிற்பது கஷ்டம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பாங்கிலும் ஆட்சேபம் எழுப்பலாம். அதற்கும் கெடு உண்டு. இந்தியத் தளத்தில் வாங்கியதானால் நமக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இன்டர்நெட் வியாபாரத்துக்கென்று 2020-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் வழி சொல்வார்கள். விளம்பரப் பக்கத்தின் படம், கேள்வி பதில், பில், துளையின் படம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஹால்மார்க் பற்றி ஒரு எச்சரிக்கை. முத்து மாலையின் தங்கக் கொக்கியில் ஹால்மார்க் இருந்தால் அது கொக்கியின் தங்கத்துக்கு மட்டும்தான். முத்துக்கு அது ஜாமீன் இல்லை.

அந்தச் சகோதரிக்கு...

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். முத்து அசல், பெயர் பொய். இரண்டாவது கேள்விக்கு, தளத்தின் கெடு முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தம்பியை விட்டு, அவன் கார்டு கொடுத்த பாங்கில் இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். விற்பவருக்கும் துளையின் படத்தோடு ஒரு கடிதம் எழுதட்டும். வந்தால் வரவு.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். தாராளமாகக் கொடுக்கலாம், உண்மையைச் சொல்லிவிட்டு. ‘தென்கடல் முத்து’ என்று சொல்லிக் கொடுத்தால், விற்றவனின் பொய் உங்கள் வாய்க்கு மாறிவிடும். நாளைக்கு நாத்தனார் அதைப் பத்தரிடம் கொண்டுபோய் நின்றால், அவர் முகம் வாட, உங்கள் பெயர் கெடும். “அண்ணி ஆசையா வாங்கினேன், நிறம் ஏத்தினதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, உனக்குப் பிடிச்சா போட்டுக்கோ” என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பெண்ணுக்கு அந்த வார்த்தையும் ஒரு சீர்தான்.

வீட்டுக்காரரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அம்மா. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. நாம் வாயை மூடிக்கொண்டு அழுகிற ஒவ்வொரு நாளும், ஏமாற்றுகிறவனுக்குக் கிடைக்கிற இனாம் நாள். திருட்டுப்போனால் தெருவைக் கூட்டுகிறோம். ஏமாந்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறோம்?

சாயமிட்ட மாலையைப் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஸென்ட், தலை எண்ணெய், பவுடர் எல்லாம் முடித்துக் கடைசியில் மாலை. கழற்றியதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்து, வெயில் படாத இடத்தில், தங்க நகைகளோடு உரசாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். இது எல்லா முத்துக்கும் பொருந்தும். சாயம் ஏறியதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொள்ளச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. சிப்பியின் ரகம், விளைந்த ஊர், ‘நேச்சுரல் கலர்’ என்ற உறுதி. மூன்றும் எழுத்தில் இல்லையா, விலை கேட்காதே.

2. ‘கலர்’, ‘ஸ்டைல்’, ‘ஷெல்’ என்ற குட்டி வார்த்தைகளைத் தேடிப் படி.

3. டாஹிடி, தென்கடல் என்று சொல்லி 8 மில்லிமீட்டருக்குக் குறைவா? சந்தேகப்படு.

4. கேள்வி, பதில், பணம் எல்லாம் தளத்துக்குள்ளேயே.

5. உச்ச விலையை முன்னாலேயே நோட்டில் எழுது.

6. வந்த அன்றைக்கே பிரி, படம் எடு, துளையைப் பார். பீரோ அப்புறம்.

7. ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே வீட்டில் சொல், மறுநாளே புகார் கொடு.

உங்களில் யாராவது ஏலத்தில் முத்து வாங்கி நல்லதாக அமைந்திருந்தாலும் எழுதுங்கள். எந்தக் கேள்வி கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் மற்ற சகோதரிகளுக்கும் பிரயோஜனப்படும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி